சேஜ் மூலிகையை ஒரு ஏக்கரில் நடலாமா?

கேள்வி: நாங்குநேரி பக்கம் ஒரு ஏக்கர் செம்மண் விளை இருக்கிறது, கிணற்றுப் பாசனம். சேஜ் இலையில் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் அதிகம், மருந்துக் கம்பெனிகள் வாங்குகின்றன என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நாற்றும் அவர்களே தருகிறார்களாம். முழுவதும் நட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. பத்துத் தொட்டியில் ஆரம்பியுங்கள், இப்போதைக்கு அது போதும்.

சத்தைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. சேஜ் இலையிலிருந்து கார்னோசிக் அமிலம், கார்னோசால், ரோஸ்மரினிக் அமிலம் எல்லாம் பிரித்தெடுத்திருக்கிறார்கள். நீங்கள் சொன்ன தடுப்பிகள் இவைதான், எண்ணெயில் சிக்கு வாடை ஏறாமல் காக்கிற சரக்கு. ஆனால் செடி இவற்றைத் தன் இலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் செய்கிறது. வெயிலும் வறட்சியும் கடுமையானால் கார்னோசிக் அமிலம் அந்த வேலையிலேயே செலவாகி, இலையில் குறைந்துபோகும். மத்தியதரைக் கடலோரத்துச் செடி அது. தண்ணீர் தேங்காத மண்ணும் மிதமான வெயிலும் கேட்கும். நம்ம சித்திரைப் புழுக்கத்தில் வாடும், அதில் தப்பினாலும் ஐப்பசி அடைமழையில் வேர் அழுகும்.

இன்னொன்று, வாசத்தை நம்பாதீர்கள். இலையைக் கசக்கினால் கற்பூரம் மாதிரி வருவது துஜோன், சினியோல் போன்ற ஆவியாகும் எண்ணெய்கள். தடுப்பிகள் வேறு. எண்ணெயைக் காய்ச்சி வடித்த பிறகு மிஞ்சும் சக்கையில்கூட ரோஸ்மரினிக் அமிலம் இருக்கும். அதனால் வாங்குபவர் மோந்து பார்த்து விலை சொல்ல மாட்டார், பரிசோதனை அறிக்கைதான் கேட்பார். நம்ம ஊர்க்காரருக்கு இது புதிதா என்ன? திருநெல்வேலி சென்னா என்று வெளிநாட்டுக்குப் போகிற நிலாவரை இலைக்கும் சென்னோசைடு என்கிற பேதிச் சத்தின் அளவுதானே மதிப்பு!

சரி, தொட்டிக்கு வருவோம். மழை ஓய்ந்து தை பிறந்ததும் மணல் தாராளமாகக் கலந்து நடுங்கள். இலை சாம்பல் பூத்த பச்சையாக, தடவினால் வெல்வெட் துணி மாதிரி இருக்க வேண்டும். செக்கச்செவேல் என்று பூக்கும் அழகுச்செடியும் சால்வியா இனம்தான், அதைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள். பூக்கும் முன் இளம் இலையாகப் பறித்து நிழலில் பரப்புங்கள், மொட்டைமாடி வெயில் ஆகாது. காய்ந்த இலையைக் கஷாயம் போட்டுக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள், துஜோன் ஆகாது.

துளசியும் கற்பூரவல்லியும் சேஜுக்குப் பங்காளிகள். இரண்டிலும் ரோஸ்மரினிக் அமிலம் உண்டு, நம்ம வெயிலும் அவற்றுக்குப் பழக்கம். மூலிகைதான் போடுவேன் என்றால், வாங்க ஆள் பார்த்துவிட்டு ஐந்து சென்ட்டில் துளசி போடுங்கள்.

அப்புறம் அந்த நாற்றுக்காரர். இலையை என்ன விலைக்கு, எந்தச் சத்து எவ்வளவு இருந்தால் எடுப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அவர் மறுபடியும் நாற்று விலையையே பேசினால் போனை வைத்துவிடலாம்.