வீட்டில் பீக் ஃப்ளோ மீட்டர் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஏழு வயது மகன் அடுத்தடுத்து மூன்று முறை ஊதினால் 150, 200, 170 என்று வருகிறதே, இதை நம்பி ஆஸ்துமா மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து மருந்தை மாற்ற வேண்டாம். அதற்காகக் கருவியை ஒதுக்கிவிடவும் வேண்டாம். வாரக்கணக்கில் எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்ப்பதற்கு அது உண்மையாகவே உதவும்.

மூச்சை முழுவதும் இழுத்துவிட்டு ஊதும் முதல் நொடிக்குள் காற்று எட்டும் உச்ச வேகத்தையே இக்கருவி அளக்கிறது என்பதால், பிள்ளை எவ்வளவு முயன்று ஊதுகிறான் என்பதும் அந்த எண்ணுக்குள் கலந்துவிடுகிறது. அரை மூச்சில் ஊதினால் குறையும். கன்னத்தை உப்பித் துப்புவதுபோல் ஊதினால் பொய்யாகக் கூடும். நிற்க வைத்து, முள்ளைக் கீழே இறக்கி, உதட்டை இறுக்கி ஊதச் சொல்லி, மூன்றில் அதிகமானதை எழுதுங்கள். உங்கள் மகனுக்கு அது 200. சராசரி எடுக்கக் கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது சரியாக வராது. கைப்பேசியோடு இணையும் ஸ்பைரோமீட்டர் என்ற நுரையீரல் சோதனைக் கருவியில் மூச்சு தீரும்வரை ஊத வேண்டும் என்பதால் சிறுவர்களுக்கு அது இன்னும் கடினம்.

எனக்கு அதிகக் கவலை தருவது குறிப்பேடுதான். நெதர்லாந்தில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், அளவுகளைத் தானே பதிந்துகொள்ளும் கருவியைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் கொடுத்துப் பார்த்தபோது, கையால் எழுதியவற்றில் ஏறத்தாழப் பாதிதான் சரியாக இருந்தன. ஆகவே பக்கத்தில் நின்று நீங்களே எழுதுங்கள். எண் குறைந்தால் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள், கடிந்தால் அடுத்த நாள் எண் பொய்யாகக் கூடிவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் வசிக்கும் எங்கள் மகளுக்கு, ஆனி மாத மழையில் சுவர் ஈரம் கோக்கும்போதும், ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் கொட்டகை அருகில் இயங்கும்போதும் காலை அளவு இறங்கும். எண்ணுக்குப் பக்கத்தில் இவற்றையும் குறித்ததால்தான் அது எங்களுக்குப் புலப்பட்டது. காலை, மாலை அளவுகளின் வித்தியாசத்தை அந்த நாளின் சராசரியால் வகுத்து, இரண்டு வாரங்களுக்குக் கணக்கிட்டால், பிள்ளைகளுக்குச் சராசரியாக 13 சதவீதத்துக்கு மேல் போவது இயல்பைத் தாண்டிய ஏற்றத்தாழ்வு. நலமாக இருக்கும் நாட்களின் உச்ச அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே எச்சரிக்கை, 50 சதவீதத்துக்குக் கீழே ஆபத்து என்பது பொதுவான கணக்கு. பிள்ளை வளர வளர அந்த உச்ச அளவும் கூடும் என்பதால் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கருவியை மாற்றினால் பழைய எண்களோடு ஒப்பிட முடியாது.

சிறிய மூச்சுக்குழாய்களில் உள்ள அடைப்பை இந்த எண் தவறவிடலாம். விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்கினாலோ, மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாவிட்டாலோ, எண் நன்றாக இருந்தாலும் பொருட்படுத்தாதீர்கள். ஊதச் சொல்லி நேரத்தை வீணாக்காமல், மருத்துவர் சொல்லியிருக்கும் இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே அருகிலுள்ள மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள். மற்றபடி, அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது குறிப்பேட்டோடு கருவியையும் எடுத்துச் சென்று, மருத்துவர் முன்னால் மகனை ஒரு முறை ஊத வையுங்கள்.