கியர்பாக்ஸ் ஹவுசிங்குக்கு சில்வர் பெயின்ட் வேண்டாம்

வணக்கம் சார். பழைய காரின் கியர்பாக்ஸ் ஹவுசிங்கை, அதாவது அதன் அலுமினிய வெளிக்கூட்டை, மணல் பிளாஸ்டிங் செய்து (காற்றழுத்தத்தில் மணலை அடித்துச் சுத்தம் செய்து) சில்வர் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். வார்ப்பு அலுமினியத்தின் மங்கலான மினுக்கு பெயின்டில் வராது. மணல் துகள் உலோகத்தில் பதிந்து, பின்னால் பேரிங்கையும் தின்றுவிடும். தண்ணீரோடு கண்ணாடி மணிகளை அடிக்கும் வேப்பர் பிளாஸ்டிங்தான் சரி. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் விசாரித்துப் பாருங்கள். பேரிங் துளைகளையும் மரைகளையும் அடைத்துக் கொடுங்கள்.

அப்புறம் போல்ட்டுகள். மஞ்சள் சாயல் மிச்சம் இருக்கிறது என்றீர்களே, அது பெரும்பாலும் குரோமேட், அதாவது ஜிங்க் முலாமின் மேல் கொடுக்கும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு. ஜிங்க் முலாம் பூசி மஞ்சள் குரோமேட் கொடுத்தால் அதே தோற்றம் வரும். ஒன்று முக்கியம்: தலையில் 10.9, 12.9 என்று வலிமை எண் பொறித்த வலுவான போல்ட்டுகளை, முலாம் பூசிய நாலு மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரியில் சில மணி நேரம் சூடேற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் உள்ளே புகுந்த ஹைட்ரஜனால் திடீரென முறியலாம். குரோமேட் அதற்குப் பிறகுதான்; அந்தச் சூட்டை அது தாங்காது.