தன் வினை: மூன்று ஆங்கிலத் தொடர்கள்

அன்புள்ள ஐயா,

தமிழ்க் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். ‘தன் வினை தன்னைச் சுடும்’ என்று வரும் இடங்களில் ‘ஹாய்ஸ்ட் வித் ஹிஸ் ஓன் பெட்டார்ட்’, ‘ஜஸ்ட் டிஸர்ட்ஸ்’, ‘எ டேஸ்ட் ஆஃப் ஹிஸ் ஓன் மெடிசின்’ என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். சரிதானா?

மீனா

அன்புள்ள மீனா,

சரியல்ல. மூன்றிலும் தண்டனை உண்டு. ஆனால் அது வந்து சேரும் வழி வேறு.

பெட்டார்ட் என்பது கோட்டைக் கதவைத் தகர்க்கும் சிறு வெடி. மணி வடிவ உலோகக் கூட்டில் வெடிமருந்தைக் கெட்டித்து, கதவில் பொருத்தித் திரியைக் கொளுத்துவார்கள். திரி முந்திக்கொண்டால் வைத்தவனே தூக்கி எறியப்படுவான். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில், மூன்றாம் அங்கம் நான்காம் காட்சியில் இத்தொடர் வருகிறது. தன்னைக் கொல்லச் சொல்லும் கடிதத்தை ஹாம்லெட் மாற்றி எழுதிவிட, அதை எடுத்துக்கொண்டு அவனுடன் வந்த இருவரே சாகிறார்கள். ஆகவே பிறருக்கு வைத்த பொறியிலேயே வைத்தவர் விழுந்தால் மட்டும் இதை எழுதுங்கள். வரி ஏய்த்தவர் சோதனையில் மாட்டினால் இது பொருந்தாது. ‘ஹாய்ஸ்டட் ஆன்’ (அதன்மேல் ஏற்றப்பட்ட) என்றும் வேண்டாம். பெட்டார்ட் கொடிக்கம்பம் அல்ல.

வரி ஏய்த்தவருக்குக் கிடைப்பது ‘ஜஸ்ட் டிஸர்ட்ஸ்’. தண்டனை எவர் கையால் வந்தாலும் குற்றத்துக்குத் தக்கதாக இருந்தால் போதும். ‘டிசர்வ்’ என்ற வினையின் உறவுச் சொல் இது; நடுவில் ஓர் ‘எஸ்’தான். உணவுக்குப் பின் வரும் இனிப்பைப்போலவே ஒலிப்பதால் பலர் இரண்டு போட்டுவிடுகிறார்கள்.

‘மெடிசின்’ சின்ன விஷயங்களுக்கானது. எல்லோரையும் காக்கவைப்பவரை ஒருநாள் காக்கவைத்தால் சொல்லலாம். கொலைக்குக் கொலை நடக்கும் இடத்தில் போட்டால் கதையின் கனம் போய்விடும்.

நீங்கள் குறிப்பிடாத ஒன்று உங்கள் பழமொழிக்கு இன்னும் நெருக்கம்: ‘சிக்கன்ஸ் கம் ஹோம் டு ரூஸ்ட்’. மேயப் போன கோழி அந்தியில் கூடு திரும்புவதைப்போல, செய்த வினை காலம் கழித்துத் திரும்பும். ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் சதே 1810-இல் ஒரு நெடுங்கவிதையின் முகப்பில், சாபங்கள் கோழிக்குஞ்சுகளைப்போல வீடு திரும்பும் என்று இதைப் பொறித்தார். ஆனால் இதைக் கையாளக் கவனம் வேண்டும். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடி கொலையுண்டதைப் பற்றிக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் இத்தொடரைச் சொன்னபோது நாடே கொதித்தது. அவருடைய இயக்கமே 90 நாள் பொதுவில் பேசக் கூடாதென்று தடை போட்டது. இறந்தவர் தேடிக்கொண்ட சாவு என்ற தொனி அதில் இருக்கிறது. உங்கள் கதையில் கதைசொல்லிக்கு அந்த எண்ணம் இல்லையென்றால், அதை அப்படி நினைக்கும் ஒரு பாத்திரத்தின் வாயில் மட்டும் வையுங்கள்.