புயலில் நாள்கணக்கில் கரண்ட் போய்விட்டால் எப்படிச் சமாளிப்பது? முன்கூட்டியே என்ன தயார் செய்து வைக்கலாம்?

முதலில் தண்ணீர். டார்ச், மெழுகுவர்த்தி எல்லாம் அப்புறம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தபோது, பேராவூரணிப் பக்கம் எங்கள் வீட்டில் இரண்டு டார்ச், முழு சார்ஜோடு இன்வெர்ட்டர் எல்லாம் தயாராக இருந்தன. மாடி டேங்கில் பாதித் தண்ணீர்தான். மோட்டாரைக் காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்த புயல் அது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது புயல் அடித்த 19-ஆம் நாள்.

போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டில் கரண்ட் இல்லையென்றால் கக்கூஸுக்குக்கூடத் தண்ணீர் கிடையாது. கொல்லையில் பழைய கிணறு உண்டு, தண்ணீரும் இருந்தது. ராட்டினத்தைத்தான் அப்பா அதற்கு முந்தைய வருஷம் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார். கைப்பிடிச் சுவரில் கயிறு உரச உரச அம்மா வாளி வாளியாக இழுத்தார். ஒவ்வொரு வாளிக்கும் அப்பாவுக்கு ஒரு வார்த்தை கிடைத்தது.

நாலாம் நாள் ஒருவர் லோடு ஆட்டோவில் ஜெனரேட்டர் ஏற்றி வந்து, வீடு வீடாக மோட்டாருக்கு ஒயர் கொடுத்து டேங்க் நிரப்பினார். "அண்ணே, எங்க வீட்டுக்கு எப்போ வருவீங்க?" என்றால், "ராத்திரி பதினொன்னு ஆயிரும் தம்பி, முழிச்சிருங்க" என்பார். எங்கள் டேங்க் நிரம்பும் அரைமணி நேரத்தில் தெருவே எங்கள் வாசலில் போன் சார்ஜரோடு நிற்கும்.

இன்வெர்ட்டரைப் பற்றி ஒரு கணக்கு. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் காகிதப்படி 1,800 வாட்-மணி இருக்கும். 1,200 கிடைத்தால் நல்லது. 75 வாட் ஃபேன் இரண்டு, எல்இடி பல்பு இரண்டு போட்டால் ஏழு மணி நேரம். கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக இருந்தால் அதைப் போல இரண்டு மடங்கு. ஆனால் தீர்ந்துவிட்டால் மறுபடி ஏற்றக் கரண்ட் வேண்டுமே! ஒரு குதிரைத்திறன் மோட்டாரை இழுக்க வீட்டு இன்வெர்ட்டருக்குச் சக்தியும் போதாது. அதனால் புயல் எச்சரிக்கை வந்ததுமே டேங்க், அண்டா, குடம், பக்கெட் எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள். கையில் சில்லறையாகப் பணம் வையுங்கள். டவர் விழுந்தால் ஜிபேயும் இல்லை, ஏடிஎம்மும் இல்லை. மிக்ஸிக்குப் பதில் அம்மி, அதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெனரேட்டர் வாங்கினால் அல்லது வாடகைக்கு எடுத்தால், மழை என்று வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ வைக்காதீர்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வாடையே தெரியாமல் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது. கரண்ட் போனதும் மெயினை இறக்கிவிடுங்கள். அவசர அவசரமாக லைன் இழுத்துக் கொடுக்கும்போது நியூட்ரல் ஒயர் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) சரியாகச் சேரவில்லை என்றால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். கரண்ட் வந்த சந்தோஷத்தில் பக்கத்து வீட்டு டிவியும் ஃப்ரிட்ஜும் அன்றைக்கே போயின. நாங்கள் மெயினை ஏற்றவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து எலக்ட்ரீஷியன் வந்து வோல்டேஜ் பார்த்த பிறகுதான் ஏற்றினோம்.

கிணற்றுக்குப் புது ராட்டினம் வாங்கி மாட்டிவிட்டோம். மாசத்துக்கு ஒருமுறை அதற்கு எண்ணெய் போடுவது அப்பா வேலை.