சின்ன ரோபோவை வைத்துக் கணக்குச் சொல்லித்தருவது பலன் தருமா, வெறும் விளம்பரமா?

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ரோபோவை வைத்துக் கணக்கு நடத்துவதில் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை பெற்றோரைக் கவரத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: பலன் உண்டு, ஆனால் எல்லாக் கணக்குக்கும் இல்லை. கூட்டல் பழக ரோபோ எதற்கு? புளியங்கொட்டை போதும். எண்கோடு, நீளம், திருப்பம் என்று வரும்போதுதான் அது கைகொடுக்கிறது.

நாங்கள் பயன்படுத்துவது பீ-பாட். தேனீ போல மஞ்சளும் கறுப்புமாக இருக்கும், திரை கிடையாது, முதுகில் பொத்தான்கள் மட்டும். முன் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் 15 செ.மீ. நகரும். திரும்பும் பொத்தானுக்கு நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும்.

தரையில் 15 செ.மீ. கட்டங்களாக 0 முதல் 10 வரை சாக்பீஸால் எழுதி, ரோபோவை 3-ல் வைத்து, 7-க்கு அனுப்பச் சொல்லுங்கள். பல குழந்தைகள் ஐந்து முறை அழுத்துவார்கள். நிற்கும் கட்டத்தையே ‘ஒன்று’ என்று எண்ணுவதால் வருவது இது. நோட்டிலும் இதே தவறுதான் நடக்கிறது. நாம் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போய்விடுகிறோம், ஏன் தப்பு என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. இங்கே ரோபோ 8-ல் போய் நிற்கும். யாரும் எதுவும் சொல்லாமலே பிள்ளை திரும்ப எண்ணிப் பார்க்கும்.

வகுப்பில் இரண்டடி டைல்ஸ், அதாவது 60 செ.மீ. பதித்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஒரு டைல்ஸுக்குச் சரியாக நான்கு நகர்வு; நான்காம் வாய்ப்பாடு தரையிலேயே கிடக்கிறது. அப்புறம் ஒரு மீட்டர் குச்சியை வைத்து அதன் முனையில் நிறுத்தச் சொல்லுங்கள். ஆறு நகர்வுக்கு 90 செ.மீ., ஏழுக்கு 105. நிறுத்தவே முடியாது! வகுத்தல் நடத்தும் முன்பே ‘மீதி’ பற்றிப் பேச்சு வந்துவிடும்.

திருப்பம்தான் கஷ்டம். வலது அம்புக்குறியை அழுத்தினால் பக்கவாட்டில் நகரும் என்றே குழந்தைகள் நினைப்பார்கள். ரோபோவுக்குப் பின்னால் நின்று, அது பார்க்கும் திசையைப் பார்த்து, உடம்போடு திரும்பச் சொன்னால் புரிந்துவிடும். இது புது யோசனை இல்லை. குழந்தைகளுக்காக 1967-ல் உருவான லோகோ என்ற கணினி மொழியின் பின்னணியில் இருந்த கணித அறிஞர் சீமோர் பேப்பர்ட், கட்டளைப்படி நகரும் ‘ஆமை’யாகக் குழந்தை தன்னையே வைத்து யோசிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். அந்தக் காலத்தில் தரையில் ஓடி, பேனாவால் கோடு போட்ட ஆமை ரோபோவின் பேரப்பிள்ளைதான் நம் தேனீ. பெரிய வகுப்புக்கு இது போதாது. சமபக்க முக்கோணம் வரைய 60 இல்லை, 120 பாகை திரும்ப வேண்டும் என்று கண்டுபிடிக்கும் சுகம் ஸ்கிராட்ச் மாதிரி மென்பொருளில்தான் கிடைக்கும்.

ஒரு கண்டிப்பு மட்டும் அவசியம். அழுத்திவைத்த கட்டளைகளை ஓடவைக்கும் ‘கோ’ பொத்தானை அழுத்தும் முன், ரோபோ எங்கே நிற்கும் என்று விரலால் காட்டி, கட்டளைகளைச் சிலேட்டில் அம்புக்குறிகளாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது ரிமோட் கார் விளையாட்டுதான். எக்ஸ் பொத்தானை அழுத்திப் பழைய கட்டளைகளை அழிக்கவும் பழக்குங்கள். மறந்தால் முந்தைய பிள்ளையின் கட்டளைகளையும் சேர்த்தே ஓடும்.

விலை கட்டுப்படியாகாவிட்டால் ஒரு பிள்ளையையே ரோபோவாக நடக்கவிடலாம். முக்கால்வாசிப் பாடம் அதிலேயே நடந்துவிடும். ஒரே சிக்கல், நண்பன் ‘அஞ்சு’ என்று தப்பாகச் சொன்னாலும் அவன் எங்கே அனுப்ப நினைக்கிறான் என்று தெரிந்து, நாலு கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள் நம் பிள்ளைகள். அதனால் கண்ணைக் கட்டிவிட்டு நடக்கவிடுங்கள்.