பாரிஸ் செல்லவிருக்கிறேன், எந்த வழிகாட்டி நூல் உண்மையில் பயன்படும் என்பதை வாங்கும் முன்பே எப்படி அறிவது?

அட்டையில் உள்ள ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். பழைய பதிப்பை மேலோட்டமாகத் திருத்தி மறுபடியும் வெளியிடுவது உண்டு. முதலில் நோத்ர தாம் பேராலயம் பற்றிய பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். 2019 ஏப்ரலில் தீப்பற்றிய அந்தப் பேராலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. அது இன்னும் மூடியிருப்பதாக நூல் சொன்னால், 2025 ஜனவரியில் மாறிய மெட்ரோ கட்டண முறையும் அதில் இருக்க வாய்ப்பில்லை.

அதைவிட முக்கியமானது, உங்கள் நாளைத் திட்டமிட நூல் எந்த அளவுக்கு உதவுகிறது என்பது. லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இரண்டும் சேன் ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கின்றன. விடுமுறை நாள், நுழைவுச்சீட்டை முன்பதிவு செய்யும் முறை, இடையிலுள்ள தூரம் ஆகியவற்றை வரைபடத்துடன் ஒரே இடத்தில் தரும் நூலையே நான் பயனுள்ளது என்பேன். பக்கம் பக்கமாக ஈபிள் கோபுரத்தின் வண்ணப்படங்களை நிரப்பியிருக்கும் நூல் ஆசையைத் தூண்டுமே தவிர, தெருமுனையில் வழி தெரியாமல் நிற்கும்போது கைகொடுக்காது.

வரைபடத்தையும் சோதியுங்கள்: நூலின் இறுதியிலுள்ள பெயர்ப் பட்டியலில் ஒரு சிறு தெருவைத் தேர்ந்தெடுத்து, அது குறிக்கும் கட்டத்தில் அந்தத் தெரு படிக்கத்தக்க எழுத்தில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.