மழைக்குச் சூடா என்ன சாப்பிடலாம்? அடுப்படிக் கேள்வி பதில்

ஏற்காட்டிலிருந்து: அக்கா, சேலத்துல சட்டியிலயே பருப்பு குழைஞ்சிடும். மலைக்குக் குடி வந்ததுல இருந்து எவ்வளவு நேரம் கொதிச்சாலும் முழுசு முழுசா நிக்குது. இந்த மழைக்கு அரிசி பருப்புச் சோறு ஆக்கணும்.

பருப்புக்காரரைத் திட்டாதீங்க. நீங்க இருக்கிறது சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணி 95 டிகிரி வாக்குல கொதிச்சிடும். தீயைக் கூட்டினா தண்ணிதான் வத்தும், சூடு ஏறாது. அதனால குக்கர்தான் வழி.

ஒரு டம்ளர் பொன்னி அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, ரெண்டையும் அரை மணி நேரம் ஊறப் போடுங்க. குக்கர்ல கடலெண்ணெய் ஊத்தி கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம், தட்டின பூண்டு, தக்காளி, மஞ்சத்தூள். தக்காளி கரைஞ்சு ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சதும் நாலு டம்ளர் தண்ணி. கொதி வந்தப்புறம் அரிசி, பருப்பு, உப்பு. கீழே மூணு விசில் விட்டா மேலே நாலு விடுங்க. மூடியைத் திறந்ததும் மேலாக்கா தண்ணி நிக்கும். பதறி மறுபடி அடுப்புல ஏத்தாதீங்க, பத்து நிமிஷத்துல சோறே இழுத்துக்கும். அப்புறம் நெய்.

பருப்பு போட்டா குக்கரைப் பாதிக்கு மேல நிரப்பாதீங்க. இதை நான் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: காய்ச்சல்காரருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி வச்சேன், போஸ்டர் ஒட்டுற பசையாயிடுச்சு.

2023-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம சேலத்துச் சரக்கு, அதை இப்படிப் பண்ணலாமா! கடையில மாவு ஜவ்வரிசி வாங்கியிருப்பீங்க. அது வடாத்துக்கு நல்லா கரையும். கஞ்சிக்கு நைலான் ஜவ்வரிசி கேளுங்க. அலசி அரை மணி ஊறவிட்டு, கொதிக்கிற தண்ணியில போடுங்க. மணி கண்ணாடியா மாறி நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் நிக்கும்போது இறக்குங்க, மிச்சம் அந்தச் சூட்டுலயே வேகும். ஆறினா இறுகும், அதனால நீர்க்கவே இருக்கட்டும். குக்கர் வேண்டாம். நுரை கட்டி வெயிட் ஓட்டையை அடைச்சிடும்.

ஆத்தூரிலிருந்து: ஜவ்வரிசிக் கஞ்சியைக் குக்கர்ல வைக்கலாமா?

மேல படிங்க.

ஓமலூரிலிருந்து: பாயசத்துல வெல்லம் போட்டதும் பால் திரிஞ்சிடுது.

இறக்கி, ஆறவிட்டு, அப்புறம் பாலை ஊத்துங்க.

கொண்டலாம்பட்டியிலிருந்து: சர்க்கரை இருக்கு, ஜவ்வரிசி சாப்பிடலாமா?

அது முழுக்க மரவள்ளிக்கிழங்கு மாவு. உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, என்கிட்ட இல்ல.

அம்மாப்பேட்டையிலிருந்து: வீட்டுல ரெண்டு தட்டைக்கு நடுவுல காயும் சட்னியும் வச்சுத் தட்டுவடை செட் போட்டா ரெண்டே நிமிஷத்துல நமத்துப் போகுது.

காய்தான் காரணம். துருவின பீட்ரூட்டையும் கேரட்டையும் துணியில வச்சுப் பிழியுங்க. உப்பு தட்டுல போடும்போதுதான். சட்னி கரண்டியில இருந்து ஒழுகக் கூடாது, விழணும். கீழ்த் தட்டையில கார சட்னி, காய், வெங்காயம், மேல் தட்டையில புதினா சட்னி, மூடி, உடனே வாயில.

அஸ்தம்பட்டியிலிருந்து: பீட்ரூட்டே தேவையில்ல. கலருக்குத்தானே?

கலருக்கா? பூண்டுக் காரத்தை இனிப்பால அடக்குறதே அதுதான். எடுத்துட்டுத் தின்னு பாருங்க, அப்புறம் பேசலாம்.

சூரமங்கலத்திலிருந்து: அவர் சொல்றது சரி. பீட்ரூட்டுக்குப் பதிலா மாங்காய் துருவல் போடுங்க.

மாங்காய் போடுங்க, நானும் போடுவேன். பதிலாங்கிறதைத்தான் ஒத்துக்க மாட்டேன். புளிப்பு வந்தா இனிப்பு இன்னும் வேணும்.

அஸ்தம்பட்டி மறுபடியும்: எங்க தெருக்கடையில பீட்ரூட் இல்லாமத்தான் தர்றாங்க.

தெருவை மாத்துங்க.

சூரமங்கலம் மறுபடியும்: மயோனைஸ் வச்சா?

இதுக்கு நான் பதில் சொல்லல.

ஓமலூர் பக்கத்திலிருந்து இன்னொருவர்: ஜவ்வரிசியைக் குக்கர்ல…

வெயிட் ஓட்டை! வெயிட் ஓட்டை!

ஐந்து ரோட்டிலிருந்து: செட் அடுக்கப் பொறுமை இல்ல. நொறுக்கல் வீட்டுல வருமா?

வரும், அடுக்குற வேலையே இல்ல. தட்டைகளைக் கையால உடைங்க, மிக்ஸியில போட்டா தூளாயிடும். அதே காய், அதே ரெண்டு சட்னி, வறுத்த கடலை, எலுமிச்சை பிழிஞ்சு ஒரே புரட்டு. பீட்ரூட் உண்டு, அஸ்தம்பட்டிக்காரர் வந்தா தனியா எடுத்து வைங்க.